கட்டில் மேல் கொய்யா வரிசை

சௌம்யாவின் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'நோயாளியின் குரல்' என்று அச்சடித்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மூக்கம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோயாளி அவளுடைய தம்பி நல்லசாமி. வயது முப்பத்தெட்டு. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைவு. பேச்சு பத்து வார்த்தையைத் தாண்டாது. முப்பது வருடமாக அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பூண்டுக் காட்டுக்குக் கூட்டிப்போய் வந்தவள் மூக்கம்மா. அவளுக்கு யாரும் அட்டை மாட்டவில்லை.

வயிற்றுவலி என்று கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாளாகிறது. தொண்டு நிறுவனத்திலிருந்து துணைக்கு வந்த சௌம்யா, அவனிடம் படம் காட்டிப் பேசி, 'என்னைத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று மூன்று வண்ணத்தில் ஒரு தாள் எழுதித் தலைமாட்டில் ஒட்டினாள். பிடித்தவை: பிஸ்கட், மழை.

மழையாம்! தூறல் விழுந்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவனுக்கு. மூக்கம்மா திருத்தவில்லை. எழுதியவள் படட்டும்.

அதைவிடக் கொடுமை, அக்கா பிடித்தால் ஊசிக்கு அலறுகிறவன், சௌம்யா 'ஒன், டூ' எண்ணினால் கையை நீட்டினான்.

"அவகிட்ட மட்டும் பல்லக் காட்டுறான் பாத்தியா, துரோகி!" என்று வார்டு கூட்ட வந்தவளிடம் புலம்பினாள்.

மூன்றாம் நாள் காலை சௌம்யா ஒரு பை ஆயக்குடிக் கொய்யா கொண்டுவந்தாள். நல்லசாமி ஒன்றையும் கடிக்கவில்லை. பெரியதிலிருந்து சிறியதுவரை போர்வைமேல் வரிசையாக அடுக்கினான். கலைத்தான். மறுபடி அடுக்கினான்.

"பாருங்க டாக்டர், எவ்வளவு ஹாப்பியா இருக்கார்!" என்றாள் சௌம்யா.

டாக்டர் குருநாதன் தூரத்திலிருந்தபடியே மகிழ்ந்தார். "வெறும் மலச்சிக்கல்தான். மத்தியானம் டிஸ்சார்ஜ்."

மூக்கம்மாவுக்கு அந்த அடுக்கல் தெரியும். பல்வலி வந்தபோது இரண்டு மூட்டைப் பூண்டை இப்படித்தான் அடுக்கினான். வலி பொறுக்காதபோதுதான் அடுக்குவான். அது தாளில் இல்லை. சொன்னால் சௌம்யா அதையும் பச்சை மையில் எழுதித் தன்னுடையதாக்கிக்கொள்வாள். ஒரு முழு நிமிடம் மூக்கம்மா வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவன் ஐந்தாவது முறையாக அடுக்கினான்.

"அய்யா, இவனுக்கு வலி கொல்லுதுங்க. வலிச்சாத்தான் அடுக்குவான்."

"பயப்படாதீங்கம்மா" என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மூக்கம்மா சௌம்யா பக்கம் திரும்பினாள். கழுத்து லேசில் திரும்பவில்லை.

"ஏத்தா, நீ சொல்லு. ஒன் சொல்லுதான இங்க எடுபடுது. வெரசா சொல்லு!"

சௌம்யா சொன்னாள். அதே வார்த்தைகள்தான், நடுவே 'பெயின் பிஹேவியர்' என்று ஒன்றைச் செருகினாள். டாக்டர் உடனே திரும்பி வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஸ்கேனில் குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது.

ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது நல்லசாமி வரிசையின் முதல் பழத்தை, பெரியதை, சௌம்யாவிடம் நீட்டினான். கடைசியில் கிடந்த பொடிசை அக்கா கையில் திணித்தான்.

சௌம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்குச் சின்னதா குடுத்துட்டாரேம்மா. இதை நீங்க வச்சுக்கோங்க."

"வேணாந் தாயி. அது ஒனக்குத்தான்."

அவர்கள் காட்டில் பெரிய பூண்டெல்லாம் வண்டியேறிச் சந்தைக்குப் போகும், ஊராருக்கு. பொடிசுதான் வீட்டில் தங்கும்.

இதை மூக்கம்மா சொல்லவில்லை. சொன்னால் தாளில் ஏறிவிடும். பொடிசை முந்தானையில் முடிந்துகொண்டு, போனால் போகிறதென்று ஒன்று மட்டும் சொன்னாள்:

"அந்த மழைய அடிச்சிரு தாயி. அவனுக்கு மழைன்னாலே ஆகாது."