வயிற்றில் போடுகிற ஊசி

சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் மிளகாய் மூட்டை ஏற்றிய டிராக்டர் கண்மாய்க்கரையில் கவிழ்ந்ததில் வீரமணியின் தொடை எலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அவன் மனைவி மாரிச்செல்வியை நர்ஸ் உட்காரவைத்துச் சொன்னாள்.

"படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகும்மா. அது நெஞ்சுக்கு ஏறுனா உயிருக்கே ஆபத்து. இந்த ஊசிய தினமும் வயித்துல போடணும். பாதத்த அசைக்கணும், வாக்கரப் பிடிச்சு எந்திரிக்கணும். கெண்டைக்கால் வீங்கி வலிச்சா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

அந்த வீட்டில் எதற்கும் முடிவு சொல்வது வீரமணியின் அண்ணன் தங்கசாமி. ஊசி போட வந்த கம்பவுண்டர் வீரமணியின் சட்டையைத் தூக்கியதும் அவர் பாய்ந்து வந்தார்.

"ஏலே, நாய்க்கடிக்குத்தானடா வயித்துல ஊசி? இவனுக்கு ஒடிஞ்சது காலு."

"டாக்டர் எழுதுனதுண்ணே."

"எழுதுவான். நீ கெளம்பு."

ஊசிக்குப் பயந்த வீரமணிக்கு அது வசதியாகப் போயிற்று. காலை அசைத்தால் கம்பி விலகிவிடும் என்று அண்ணன் சொன்னதையும் நம்பினான். இரண்டு பக்கமும் தலையணை வைத்துக் காலை ஆடாமல் போட்டுக்கொண்டான். தங்கசாமி வயலுக்குப் போன நேரம் பார்த்து மாரிச்செல்வி அவன் பாதத்தை மெல்ல மடக்கி நீட்டினாள். அவன் சாயங்காலமே அண்ணனிடம் சொல்லிவிட்டான்.

"ஏத்தா, புருசன் கால முடமாக்கிட்டுத்தான் ஓய்வியா?" என்றார் அவர். அவள் சோற்றுப்பானையை இறக்கிவைத்தாள்.

ஒரு வாரத்தில் வீரமணியின் கெண்டைக்கால் வீங்கித் தோல் பளபளத்தது. தொட்டால் அலறினான்.

"பெரியத்தான், நர்ஸ் சொன்னது இதத்தான். கூட்டிட்டுப் போயிருவோம்."

"ஆபரேஷன் பண்ணுன காலு வீங்காம என்ன செய்யும்?"

அவள் தொண்டியில் இருக்கும் தம்பி பிரபாகரனுக்குப் போன் போட்டாள். மறுநாள் காலையில் அவன் காரோடு வந்தான். தங்கசாமி வாசலை மறித்து நின்று கத்தக் கத்த, இருவருமாக வீரமணியைத் தூக்கி நிறுத்தினார்கள். நிலைப்படியைத் தாண்டும்போது, "மாரி, மூச்சு முட்டுது" என்றான். அப்படியே அவள் தோளில் சரிந்தான். ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரல்ல போய் அடைச்சிருக்கணும்" என்றார் டாக்டர். "வயித்துல போடுற ஊசி குடுத்திருப்பாங்களே, போட்டீங்களா?"

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த தங்கசாமி தரையைப் பார்த்தபடி, "அதெல்லாம் இந்தப் பிள்ளைதான் பாத்துக்கிச்சு" என்றார்.

மாரிச்செல்விக்கு அழுகை நின்றுவிட்டது. அவர் முகத்தையே பார்த்தாள். அவர் நிமிரவேயில்லை.

ஊருக்குள் போனதும் அவருக்குக் குரல் வந்துவிட்டது. "படுத்துக் கெடந்தவன எழுப்பி நடக்க வச்சுக் கொன்னுட்டா" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஊசியை நிறுத்தியது யார் என்று அவள் கூட்டத்தின் நடுவே எழுந்து கேட்டாள். எழவு வீட்டில் பொம்பளைக்கு என்ன பேச்சு என்று உட்காரவைத்தார்கள். கம்பவுண்டரும் அங்கேதான் நின்றிருந்தான். அவன் வாயே திறக்கவில்லை.

அடுத்த வருசம் பக்கத்துத் தெருவில் இருந்த பங்காளி முனியசாமி பைக்கில் விழுந்து கால் எலும்பு முறிந்து, மதுரைக்குப் போய் வந்து படுத்தான். கேள்விப்பட்டதும் மாரிச்செல்வி அவன் வீட்டுக்குப் போனாள். வாசலுக்கு வந்த அவன் மனைவி பானுப்பிரியா உள்ளே வரச் சொல்லவில்லை.

"வயித்துல போடுற ஊசி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கக்கா. ஆனா உங்க பெரியத்தான் வந்து வேணாம்னு..."

உள்ளேயிருந்து தங்கசாமியின் குரல் கேட்டது. "யாரு, அவளா? கதவச் சாத்துத்தா."

பானுப்பிரியா தயங்கினாள். பிறகு சாத்திவிட்டாள்.

மாரிச்செல்வி போகவில்லை. தெருவில் நின்றபடியே, ஊசியையும் பாதம் அசைப்பதையும் கெண்டைக்கால் வீக்கத்தையும் ஒன்று விடாமல் கதவைப் பார்த்து உரக்கச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.