இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு

எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கியவர் எவரும் இல்லை. என் தகப்பனார் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்திலும் இல்லை. நான் மொன்றியலின் லாசாலில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரம் பார்ப்பவனாக நின்ற காலத்திலும் இல்லை. ஆகவே ஆடிப்பிறப்பன்று சம்பந்தி சிவானந்தத்தின் வீட்டில், ஆடிக்கூழ்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது பேருக்கு முன்னால் நான் சொன்னது விளையாட்டுப் பேச்சல்ல.

"நவம்பர் எட்டாம் திகதிக்கு முந்தி உங்கட துவக்கு திருத்துப்பட்டு உங்கட கையில இருக்கும். அது என்ர பொறுப்பு."

துவக்கு, துப்பாக்கி என்ற பேச்சே எங்கள் வீட்டில் முப்பது வருடமாக எழுந்ததில்லை. காரணத்தை யுத்தம் கண்ட எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் என் மகன் லக்ஷன் கட்டியது மட்டக்களப்புப் பெண் கஜந்தியை. அவளுடைய தகப்பன் சிவானந்தம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வைத்திருப்பவர். முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து, வேலையிடத்துக் கியூபெக் நண்பர்களோடு ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போகிறவர். இந்த வருடம் வேட்டை தொடங்குவது எட்டாம் திகதி. வேட்டை முடிந்த பிறகு அவர் வீட்டில் விருந்து நடக்கும். கல்யாணத்துக்குப் பிந்திய முதல் விருந்து என்பதால், இந்த வருடம் அது சம்பந்தி பகுதிக்கென்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் துவக்குச் செய்த கொம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. அந்த வகைத் துவக்கில் ஒரு பிழை இருக்கிறதாம். பாதுகாப்புப் பூட்டை விலக்கும்போது, விசையில் விரல் படாமலே வெடிக்கக்கூடுமாம். ஆகையால் எவரும் அதைப் பாவிக்கக் கூடாது, படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், முறை வரும்போது கூப்பிட்டு விசைப் பகுதியை இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருந்தது. மொன்றியல் பகுதிக்கு அந்தப் பொறுப்பை ஏற்றது லஷீனில் உள்ள ஒரு திருத்தும் கடை. அந்தக் கடையின் முன்மேசையில் இருப்பவள் என் மகள் வித்தியா.

இதைக் கேட்ட பிறகு ஒரு தகப்பன் வாயை மூடிக்கொண்டு கூழ் குடிக்க முடியுமா?

"சம்பந்தி, நான் இதை இணையத்தில அனுப்புறன்," என்றார் சிவானந்தம். "உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

"இணையத்தில ஆயிரம் பேர் அனுப்புவினம். கையால குடுக்கிறதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. என்ர பிள்ளை அங்க இருக்கேக்க நீங்கள் ஏன் ஆயிரத்தில ஒருத்தரா நிக்கவேணும்?"

அவர் தன் மனைவி சீதேவியைப் பார்த்தார். சீதேவி கூழ்ச் சட்டியைப் பார்த்தார். பிறகு படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்து என்னிடம் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதை நெகிழி உறையில் போட்டு, சுவாமிப்படத்துக்குக் கீழே வைத்தேன். ஆடி மாதம் பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. சம்பந்தி வீட்டு முதல் பொறுப்பு வேறு. ஆவணி பிறந்து, நாள் பார்த்து, ஆவணி நாலாம் நாள் புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் வித்தியாவின் கையில் கொடுத்தேன். அவள் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினாள். காரியம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

செப்டம்பர் போனது. கடையிலிருந்து கூப்பிடவில்லை. ஒக்டோபர் வந்தது. சிவானந்தம் ஞாயிறுதோறும் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்.

"என்ன சம்பந்தி, என்ட துவக்கு என்ன சொல்லுது?"

"முறை வருது, வருது."

"மானுகள் எல்லாம் என்னைக் கேட்டதாம். இந்த வருசம் சிவானந்தம் ஐயா வரமாட்டாரோ, நாங்க வெளிய உலாவலாமோ எண்டு."

நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்ட என் மனைவி நல்லம்மா சிரித்தாள்.

வித்தியா வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் முகம் வாடியிருந்தது. நாள் முழுக்க ஏச்சுக் கேட்டு வருகிறவளின் முகம். இருந்தும் நான் கேட்டேன்.

"பிள்ளை, உன்ர கையில தானே புத்தகம் இருக்கு. மாமாவின்ர பேரைக் கொஞ்சம் மேல ஏத்தினால் என்ன?"

"ஏலாது, அப்பா."

"கொஞ்சம்."

"கொஞ்சமும் ஏலாது. அண்டைக்கு ஒரு ஆள் மேப்பிள் சிரப் போத்தில் நாலு கொண்டு வந்தவர். அதுக்கும் ஏலாது எண்டுதான் சொன்னனான்."

"நான் உன்ர தகப்பன். சிரப்போட சேக்கிறாய்."

"நீங்கள் சிரப்பும் கொண்டு வரேல்லை," என்றாள்.

ஒக்டோபர் கடைசி வாரம் பொறுமை முடிந்தது. பத்து நாள் கழித்து என் சொல் பொய்யாகப் போகிறது. மட்டக்களப்பாருக்கு முன்னால் யாழ்ப்பாணத்தான் வாய்ச்சொல் வீரன் என்று ஆகப் போகிறது. கோட்டுப் போட்டேன், கழுத்துப்பட்டி கட்டினேன், பஸ் எடுத்து லஷீனுக்குப் போனேன். மகளிடம் அல்ல, முதலாளியிடம் நேரே கேட்பது என்பது என் தீர்மானம். பஸ்ஸில் பிரெஞ்சில் மூன்று வசனம் கட்டி மனப்பாடம் செய்தேன். மூன்றும் கடுமையான வசனங்கள்.

கடைக்குள் பதினைந்து பேர் வரை நின்றார்கள். எல்லாருக்கும் என் வயிற்றெரிச்சல்தான். ஒருவர் ஓகஸ்டில் படிவம் கொடுத்தவர், மற்றவர் செப்டம்பரில். சிலர் போகிற வடக்குக் காடுகளில் வேட்டை ஏற்கனவே தொடங்கிவிட்டதாம். எனக்கு மனதுக்குள் ஒரு சந்தோஷம். இவ்வளவு ஆட்கள் என் பக்கம்.

அப்போது செம்மஞ்சள் தொப்பி போட்ட உயரமான மனிதர் ஒருவர் முன்மேசையில் கையால் தட்டினார். நான் சொல்ல வைத்திருந்த அதே மூன்று வசனத்தை, என்னைவிட நல்ல பிரெஞ்சில், உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். இரண்டு மாதத்துக்கு மேலாகக் காத்திருக்கிறேன், இது என்ன கடை, நீ என்ன வேலை செய்கிறாய்.

'நீ' என்றதும் என் காது சுட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் வித்தியா நிமிர்ந்து நின்று, "மிஸியூ, உங்கள் இலக்கம் முன்னூற்றுத் தொண்ணூறு. இப்போது நடப்பது முன்னூற்றிருபது," என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் மேசை ஓரத்தில் அவள் விரல்கள் பேனாமூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டின. எனக்கு மட்டும் தெரிந்த பழக்கம் அது. பரீட்சைக்குப் போகும்போதும் அப்படித்தான் செய்வாள்.

நான் வரிசையை விட்டு முன்னால் போனேன்.

"மிஸியூ," என்றேன். மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்து போயிற்று. தொழிற்சாலையில் கேட்ட பிரெஞ்சு மட்டும் மிஞ்சியிருந்தது. "இவள் என் மகள். என் சம்பந்தியின் துவக்கும் இந்த வரிசையில்தான் காத்திருக்கிறது. அதை முன்னுக்குப் போடச் சொல்லி நானே கேட்டேன். மறுத்துவிட்டாள். தகப்பனுக்கே மறுத்தவள் உங்கள் முறையை இன்னொருவருக்குக் கொடுப்பாளா?"

அந்த மனிதர் என் கழுத்துப்பட்டியைப் பார்த்தார். பிறகு வித்தியாவைப் பார்த்து, "உண்மையா?" என்று கேட்டார்.

"இரண்டு தரம் கேட்டவர்," என்றாள் வித்தியா.

பின்னால் யாரோ சிரித்தார்கள். செம்மஞ்சள் தொப்பியும் சிரித்தார். மன்னிப்புக் கேட்டு, எனக்கு உட்காரத் தன் கதிரையைத் தந்தார். தன் பெயர் கீ என்றார். அவருடைய மாமியார் என்னைவிட மோசமாம், பத்துத் தரம் கேட்டிருப்பாராம்.

வித்தியா தேநீர் இடைவேளையில் என்னைப் பின்பக்கக் கண்ணாடிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே இரண்டே இரண்டு திருத்துநர்கள். புது விசையைப் பூட்டி, குண்டு போடாத துவக்கை ரப்பர்ச் சுத்தியலால் எல்லாப் பக்கமும் தட்டி, பாதுகாப்புப் பூட்டை இருபது தரம் போட்டு விலக்கிப் பார்த்தார்கள். நான் பார்க்கும்போதே ஒன்று பதினெட்டாவது தரத்தில் விசையில் விரல் படாமலே 'டிக்' என்றது. திருத்துநர் முகம் சுளிக்காமல் அதைக் கழற்றி, முதலிலிருந்து தொடங்கினார்.

இருபத்திரண்டு வருடம் மூடிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் நான். அவசரப்படுத்தியவர்களை எப்படி முறைத்தேன் என்பது நினைவு வந்தது. என் மூடி பிழையானால் சோடா கசியும். இங்கே பிழையானால் போவது என் மகனின் மாமனார்.

"சரி," என்றேன். "மாமாவின்ர இலக்கம் என்ன?"

"நானூற்றுப் பன்னிரண்டு."

"ஏன் அவ்வளவு பின்னுக்கு? கையால தந்தது."

அவள் கோப்பைத் திறந்து காட்டினாள். படிவத்தில் ஓகஸ்ட் இருபது என்று முத்திரை. "வந்த நாள்படிதான் இலக்கம், அப்பா. மாமா ஜூலையில தந்திருந்தால் தொண்ணூறுக்குள்ள வந்திருக்கும். செப்டம்பரிலேயே முடிஞ்சிருக்கும். அவர்தான் உங்களிட்டப் பிந்தித் தந்தவர் போல."

நான் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாமிப்படத்துக்குக் கீழே ஆடி முழுவதும் இருந்த உறை கண்ணுக்குள் நின்றது. ஒரு கணம், அவர் பிந்தியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை. அந்தக் கணம் நீளவில்லை.

"அவர் பிந்தேல்லை, பிள்ளை. நான்தான்," என்றேன்.

இப்படிப்பட்ட விஷயத்தைத் தொலைபேசியில் சொல்வது எங்கள் வழக்கமல்ல. கோட்டைக் கழற்றாமல் மூன்று பஸ் மாறி டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போனேன். சிவானந்தம் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி, இரிங்க. முறை வந்திட்டோ?"

"இருக்க வரேல்லை. நிண்டபடியே சொல்லவேணும். உங்கட முறை எட்டாம் திகதிக்கு முந்தி வராது. பிழை கடையில இல்லை, என்ர மகளிலயும் இல்லை. நீங்கள் தந்த படிவத்தை நான் ஆடி முடியுமட்டும் வீட்டில வைச்சிருந்தனான். உங்கள் எல்லாருக்கும் முன்னால வாக்குத் தந்தது நான். பிழை விட்டதும் நான்தான்."

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"சீதேவி, இஞ்ச வா. மனிசன் ஒத்துக்கொண்டிட்டார்."

சீதேவி கைதுடைத்தபடி வந்தார். "அண்ணை, நான் அண்டைக்கே இவருக்குச் சொன்னனான். கூழ் குடிக்கிற நாளில குடுக்கிறீங்க, அவங்க ஆவணி மட்டும் அதைத் தொடமாட்டாங்க எண்டு."

"தெரிஞ்சு கொண்டோ தந்தனீங்கள்?" என்றேன்.

"மறுகா என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார் சிவானந்தம். "இருபது பேருக்கு முன்னால மனிசன் நெஞ்சை நிமித்திக்கொண்டு கேக்கிறார். தரமாட்டன் எண்டா உங்கட மரியாதை என்னாகிறது? ஒரு வருசம் மானுக்கு லீவு குடுத்தாப் போச்சு."

"அப்ப ஞாயிறுக்கு ஞாயிறு போன் எடுத்து ஏன் என்னை வதைச்சனீங்கள்?"

"அது சும்மா, சந்தோசத்துக்கு."

என் மரியாதையைக் காப்பாற்ற அந்த மனிதன் தன் வேட்டையை விட்டுக் கொடுத்திருக்கிறார். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். சீதேவி தேநீர் தந்தார்.

எட்டாம் திகதி சனிக்கிழமை போனது. மறுநாள் அந்த வருட விருந்தை என் வீட்டில் வைத்தேன். ஆட்டிறைச்சிதான். நல்லம்மா சமைத்தாள். சிவானந்தம் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, "இது ஓடின ஆடு மாதிரித் தெரியேல்லையே," என்று சொல்லிச் சொல்லி மூன்று தரம் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை வித்தியா வேலையிலிருந்து எனக்கு அழைத்தாள்.

"அப்பா, ஒரு பெட்டி விசை சொன்ன நாளுக்கு வெள்ளனவே வந்திட்டுது. மாமாவின்ர இலக்கம் வந்திருக்கு. அவருக்கும் போன் எடுத்துச் சொன்னனான். உங்களைக் கேட்டுத்தான் சொல்லுவாராம்."

"இதில என்னைக் கேக்க என்ன இருக்கு?"

"நாளைக்குச் செவ்வாய், பின்னேரம் மூண்டரை. ராகுகாலம். வேண்டாமெண்டால் அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவன். பேந்து எப்ப வருமெண்டு சொல்லேலாது. வேட்டை வாற ஞாயிறோட முடியுது."

நல்லம்மா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். செவ்வாய் மூன்று மணி முதல் நாலரை வரை. அச்சில் தெளிவாக இருந்தது.

"குடுக்காதை," என்றேன். "வாறம்."

செவ்வாய்க்கிழமை மூன்று இருபதுக்கு லஷீனில் நின்றோம். சிவானந்தம் துவக்குப் பெட்டியைச் சாவிபோட்டுப் பூட்டிக் கொண்டு வந்திருந்தார். கீயும் அன்றுதான் தன்னுடையதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, மகள் உள்ளேதான் இருக்கிறாள், இன்றைக்கும் யாருக்கும் இளகவில்லை என்றார். வித்தியா எங்கள் இருவரையும் வரிசையின் கடைசியில் நிற்க வைத்தாள். மணிக்கூட்டைப் பார்த்தபடி சிவானந்தம் மெல்லக் கேட்டார்.

"சம்பந்தி, சுகமா இருக்கிறீங்களோ?"

"எனக்கென்ன."

"முகம் வேர்க்குது."

"கோட்டுத் தடிப்பு."

சுத்தியலால் தட்டினார்கள், இருபது தரம் பூட்டைப் போட்டு விலக்கினார்கள். இருபதும் சரி. நாலேகாலுக்குத் துவக்கு அவர் கையில் இருந்தது.

சனிக்கிழமை விடிய முதல் அவர் வேட்டைக்குப் போனார். ஞாயிறு பின்னேரம் தொலைபேசி வந்தது.

"ஒண்டும் இல்லை, சம்பந்தி. ரெண்டு நாளும் மரத்துக்குக் கீழ குந்திக்கொண்டு குளிரில விறைச்சதுதான் மிச்சம். மானின்ட வாலைக்கூடக் காணேல்லை. ஏனெண்டு விளங்கேல்லை."

ஏன் என்று எனக்கு விளங்கியது. 'செவ்வாய் மூன்றரை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"குளிர் கூடத்தான்," என்றேன். "அடுத்த வருசம் நானும் வாறன். துவக்கு உங்களோட இருக்கட்டும். நான் தேத்தண்ணிப் போத்திலைக் கொண்டு வாறன்."