இறக்கம் பத்து ஐம்பது

“எத்தனை மணிக்கு எறக்கம், அத்தான்?”

கண்ணையா வாசலில் நின்றபடி கேட்டபோது, திருநாவுக்கரசு மண்கலயத்தின் வாயில் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை. விரல்கள் அவர் சொல்லைக் கேட்பதாக இல்லை.

“ஒன்பது பத்து” என்றார், நிமிராமல்.

கண்ணையா அவர் மனைவி தனபாக்கியத்தின் தம்பி. ஃபீனிக்ஸ் பே துறையில் டிங்கிப் படகு ஓட்டுகிறவன். ஒன்பது பத்து என்றதும் அக்காவின் கணவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு அருகில் வந்து குந்தி, முடிச்சைத் தானே போட்டான்.

“டீக் ஹை. கிளம்பலாம்” என்றான்.

அந்தத் தீவில் அஸ்தி கரைக்க இறக்கம் பார்த்துத்தான் போவார்கள். கடல் வெளியே இழுக்கத் தொடங்கும் நேரத்தில் விட்டால் போய்ச் சேரும். ஏற்றத்தில் விட்டால் பூவும் சாம்பலும் படித்துறைக்கே திரும்பி வந்து நிற்கும். அதைப் பார்க்க யாருக்குத் தெம்பு இருக்கும்? அதனால் சாவு விழுந்த வீடு எதுவானாலும் ஆள் வந்து நேரம் கேட்பது திருநாவுக்கரசிடம்தான். படகுத்துறை ஜெட்டி ஆபீசில் தினமும் காலையில் ஏற்றம், இறக்கம் நேரத்தைக் கரும்பலகையில் எழுதிவைப்பது அவர் வேலை. இந்தியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பலகை பொய் சொன்னதில்லை.

டெலானிபூர்ச் சரிவில் இருவரும் இறங்கினார்கள். கலயம் அவர் கையில் இருந்தது. இந்தச் சரிவில்தான் ஒரு வருஷமாகத் தனபாக்கியம் நான்கு இடத்தில் நின்று நின்று ஏறுவாள். நெஞ்சில் வால்வு சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க, எதையாவது காட்டிப் பேசுவாள். அதோ பாருங்க அந்தக் கப்பலை, அதோ பாருங்க அந்த முருங்கை பூத்திருக்கிறதை என்று. இன்றைக்கு அந்த நான்கு இடத்திலும் கண்ணையா தானாக நின்றான். அவரும் நின்றார்.

போன மார்ச்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மெயின்லேண்டுக்குப் போய் ஒரு மாதம் ஓய்வாக இருந்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். சர்க்கார் லீவு சேர்ந்து கிடந்தது. ஊர் சுற்றிய ஒரு கப்பல் அதிகாரி ஆபீசில் விட்டுப்போன விளம்பரத் தாள்கள் மூன்றைத் திருநாவுக்கரசு வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் பரப்பினார். ஒன்று கடற்கரை ஓட்டல். அதை அவள் முதலிலேயே தள்ளிவிட்டாள். கடலைப் பார்க்கக் கடல் தாண்டிப் போவார்களா என்றாள். இரண்டாவது மலைமேல் இருந்த விடுதி. “ஏத்தம் இங்கியே இருக்கே” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மூன்றாவதை எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

மைசூர்க் காட்டுக்குள் ஆற்றங்கரையில் ஒரு லாட்ஜ். யாரோ ஒரு ராஜா வேட்டைக்கு வந்து தங்கிய மாளிகையாம். உயர்ந்த கூரை, கொசுவலை கட்டிய கட்டில், வெந்நீர்த் தொட்டி, மணி அடித்தால் சாப்பாடு. எதிர்க்கரைக்கு யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வருவதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் தகுதிக்கு மிஞ்சிய இடம்தான். ஆனால் கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் கேட்ட முதல் பொருள் அது.

யானையை அவள் பார்த்திருக்கிறாள். காட்டிலாகா யானைகள் மரம் இழுக்கும். அவள் பார்க்காதது ஆறு. அவளுடைய பாட்டன் காலத்திலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டது. தீவிலேயே பிறந்து, வளர்ந்து, வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கடலும், கடல் உள்ளே வந்து போகும் நாளா எனும் ஓடைகளும்தான். திருநாவுக்கரசோ குடமுருட்டி ஆற்றங்கரையில் பிறந்தவர்.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. நவம்பரில் கப்பல், சென்னையில் ரயில், பிறகு பஸ், பிறகு லாட்ஜ்காரர்களின் ஜீப். காட்டில் பளிச்சென்ற நிறம் உடுத்தினால் மிருகங்கள் மிரளும் என்று தாளில் போட்டிருந்ததால், சென்னைக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிவிட்டு மண் நிறத்தில் ஒரு சேலை வரவழைத்தாள். கப்பல் சமையல்காரரிடம் முள்கரண்டி ஒன்று இரவல் வாங்கி, இட்லியைக் குத்திப் பழகினாள். இட்லி உடைந்து விழும்போதெல்லாம், அங்கே போய் மானத்தை வாங்கப்போகிறேன் என்று சிரித்தாள்.

லாட்ஜுக்கு அவர் கடிதம் எழுதிய அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அறை ஆத்தைப் பார்த்து வேணும்னு எழுதுங்க. அப்புறம் அங்க ஏத்தம் எத்தனை மணிக்கு, எறக்கம் எத்தனை மணிக்குன்னு கேட்டு எழுதுங்க.”

“எங்கே?”

“ஆத்துலதான். நம்ம நாளா மாதிரி எறக்கத்துல வெறும் கீச்சடாக் கெடந்தா? அம்புட்டு தூரம் போயி ஜன்னலைத் தொறந்து சேத்தையா பார்க்கறது? நேரம் தெரிஞ்சா நான் அதுக்குத் தக்கன எந்திரிச்சுப்பேன்.”

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எழுதிவிட்டேன் என்று சொல்லி உறையை ஒட்டினார். எழுதவில்லை. படித்தவர்கள் நடத்தும் இடம். தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் ஆபீசில் டீ குடிக்கும்போது அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த உதயசூரியன், “சார், ஆத்துக்கும் ஒரு போர்டு மாட்டிருவமா?” என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான்கு நாளில் அந்தப் பேச்சு ரேஷன் கடை வரிசைக்கு வந்து, யாரோ ஒரு பெண், ஆத்துல ஏத்தம் எப்போ அக்கா என்று தனபாக்கியத்திடமே கேட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல முருகன் படத்துக்கு விளக்கேற்றி, அவருக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். அவர் இரண்டாம் தரம் மோருக்குக் கை நீட்டியபோதுதான் சொன்னாள்.

“நான் ஆறு பார்த்ததில்லைங்க. தெரியாததைக் கேட்டேன்.”

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முள்கரண்டியை அடுத்த வாரம் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழகிவிட்டது, இனி வேண்டாம் என்றாள்.

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாமல் இல்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. ஆற்றங்கரைக்குப் போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தார். நவம்பருக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெட்டிக்குப் போய்ப் பலகையில் நேரத்தை எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். மூன்று நாளாக அங்கேதான் இருந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

அவளுக்கு உடுத்திவிடப் பெட்டியைத் திறந்த பெண்கள், எல்லாவற்றுக்கும் மேலே மடித்துவைத்திருந்த மண் நிறச் சேலையை எடுத்து, இது என்ன நிறம், சுமங்கலிக்கு ஆகாது என்று ஓரமாக வைத்துவிட்டு, கீழேயிருந்து அரக்குச் சேலையை உருவினார்கள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு விசாலாட்சி டீச்சர் மட்டும் அந்தச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. படகுக்காரர்கள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஆபீஸ் சுவரோரம் கரும்பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவர் கண்ணில் அது பட்டது, மனசில் படவில்லை. டிங்கியை நோக்கி நடந்தார்.

கண்ணையா முதலில் படகில் இறங்கினான். குனிந்து பார்த்தவன் நிமிர்ந்து, “அத்தான், உள்ள பானி ஏறியிருக்கு. இறைச்சுட்டுப் போயிரலாம். நீங்க அங்க நிழல்ல உக்காருங்க” என்றான்.

அவர் படிக்கட்டில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணையா பாதித் தேங்காய்ச் சிரட்டையை எடுத்து இறைக்கத் தொடங்கினான். கரக், கரக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. யாரும் அவனுக்கு உதவப் போகவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஒரு வயதான வங்காளிப் படகுக்காரர் திருநாவுக்கரசின் பக்கத்தில் ஒரு குவளை டீயை வைத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு மேல் உதயசூரியன் ஓடிவந்தான். நேற்று வந்த கப்பலில் தபால் வந்திருக்கிறது என்றான். மூச்சிரைக்க ஒரு நீள உறையை நீட்டினான்.

“டீச்சரம்மா குடுத்தாங்க, சார். அவங்க வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கு. அக்கா கேட்டு அவங்கதான் எழுதிக் குடுத்தாங்களாம்.” தரையைப் பார்த்துச் சொன்னான்: “போறதுக்குள்ள சார்கிட்ட சேர்த்துரச் சொன்னாங்க.”

உறையின்மேல் திருமதி தனபாக்கியம் என்று இங்கிலீஷில் தட்டச்சு செய்திருந்தது. மூலையில் யானைப் படம். அவர் பிரித்துப் படித்தார். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

சிரட்டைச் சத்தம் நின்றிருந்தது. “என்ன போட்டிருக்கு, அத்தான்?” என்றான் கண்ணையா, மெதுவாக.

அவர் கடிதத்தைக் கலயத்துக்குப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

“அன்புள்ள அம்மா. உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் ஆற்றில் ஏற்றமும் இறக்கமும் கிடையாது. தண்ணீர் இரவும் பகலும் ஒரே பக்கமாகப் போகிறது, திரும்பி வருவதில்லை. ஆகையால் நீங்கள் நேரம் பார்த்து எழுந்திருக்க வேண்டாம். எப்போது சன்னலைத் திறந்தாலும் தண்ணீர் இருக்கும். இருபது வருஷமாக இங்கே வருகிறவர்கள் யானை எப்போது வரும், புலி எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். ஆற்றைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். என் படகோட்டியிடம் சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டான். ஆற்றைப் பார்த்த மூலை அறையை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். உங்களுக்கு நெஞ்சு பலவீனம் என்று எழுதியிருந்தீர்கள். கரையில் மருத மரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலி போட்டுவைக்கச் சொல்கிறேன்.”

கீழே மானேஜரின் கையெழுத்து இருந்தது. அதையும் படித்தார்.

உதயசூரியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். திருநாவுக்கரசு கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அப்போதுதான் டிங்கியின் அடிப்பலகை அவர் கண்ணில் பட்டது. வெயில் பட்டு வெளுத்து, காய்ந்து கிடந்தது. சிரட்டை சுரண்டிய கோடுகள் மட்டும் புதிதாகத் தெரிந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தலை நிமிர்ந்து துறையைப் பார்த்தார். கட்டியிருந்த படகுகளின் மூக்குகள் எல்லாம் வெளிக்கடலைப் பார்த்திருந்தன. தண்ணீர் இன்னும் உள்ளேதான் வந்துகொண்டிருந்தது. ஒன்பது பத்து என்பது செவ்வாய்க்கிழமை நேரம். அவள் போன நாளின் நேரம். நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும் என்பது படகு ஓட்டும் அத்தனை பேருக்கும் தெரியும். இன்றைக்கு வியாழன்.

கண்ணையாவைப் பார்த்தார். அவன் சட்டென்று குனிந்து சிரட்டையை எடுத்துக்கொண்டான்.

“இன்னும் கொஞ்சம்தான் அத்தான் இருக்கு” என்றான்.

“இறைச்சுக்கப்பா” என்றார் அவர். “அவசரமில்லை.”

கரக், கரக் என்று சத்தம் மறுபடி கேட்டது. அவர் டீயை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. முழுக்கக் குடித்தார்.

பிறகு இறக்கம் தொடங்கவும், படகுகள் ஒவ்வொன்றாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு மூக்கைத் திருப்பின. கண்ணையா சிரட்டையைக் கீழே வைத்து, அவருக்குக் கை கொடுத்தான். துறையின் நடுவுக்குப் போனதும் அவர் முடிச்சை அவிழ்த்தார். இப்போது விரல்கள் சொன்னபடி கேட்டன. சாம்பலும், மல்லிகையும், இரண்டு செவ்வரளிப் பூவும் தண்ணீரில் இறங்கி, ஒரு கணம் படகோடு நின்று, பிறகு ஒரே பக்கமாக வெளியே போகத் தொடங்கின. அவர் உதடு அசைந்தது. அவர் என்ன சொன்னார் என்று கண்ணையாவுக்குக் கேட்கவில்லை. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் வேறு பக்கம் பார்த்திருந்தான்.

கரைக்கு வந்ததும் திருநாவுக்கரசு நேரே ஆபீஸ் சுவரோரம் போனார். பலகையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார். உதயசூரியனின் கோணல் எழுத்தில் வியாழக்கிழமை நேரம் இருந்தது. இந்தி வரி சரியாக இருந்தது. தமிழ் வரியில் ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டிருந்தான். ‘இரக்கம் 10.50.’

உதயசூரியன் பின்னால் வந்து நின்றான். “தப்பா இருக்கா, சார்?” என்றான்.

திருநாவுக்கரசு சாக்குக்கட்டியைக் கையில் எடுத்திருந்தார். கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லப்பா” என்றார். “சரியாத்தான் இருக்கு.”

சாக்குக்கட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறுங்கலயத்தை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். முதல் திருப்பத்தில், மூச்சு வாங்காதபோதும், நின்றார்.