மங்கலை எவ்வளவு வைப்பது

1.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. எழுத உட்கார்ந்தவன் எழுதவில்லை. எழுதும் விண்டோவைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, டெஸ்க்டாப் படம் பின்னால் தெரியும்படி வைத்தேன். படம் எழுத்தோடு சண்டை போட்டது. அதற்கென்றே பிளர் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு கோடு, அதன் மேல் ஒரு குமிழ். வலப்பக்கம் இழுத்தால் பின்னால் இருப்பது மங்கும், இடப்பக்கம் இழுத்தால் தெளியும். அசல் படத்துக்கு ஒன்றும் ஆகாது. விண்டோவை இறக்கினால் அது பளிச்சென்று அப்படியே இருக்கும். (இதை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.) காலை முழுக்க அந்தக் குமிழைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"கதை எழுதுறீங்களா, ஜன்னல் துடைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி.

கோபம் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பின்னால் இருப்பது மலையோ கடலோ இல்லாமல், ஓர் ஆளாக இருந்தால்?

2.

அவன் காணாமல்போன அன்று மழை —

வேண்டாம். யாராவது காணாமல்போனால் உடனே மழையைக் கூப்பிடுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் கரை சேர்ந்தது, அவன் சேரவில்லை. தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை.

இது போதும். வீட்டில் மிச்சம் இரண்டு பேர், அவன் மனைவியும் அவன் அம்மாவும். மருமகள் என்றும் மாமியார் என்றும் சொல்லிக்கொள்வோம். இருவரும் சண்டைக்காரிகள் இல்லை. சண்டை போடக்கூடத் தெம்பில்லாதவர்கள்.

3.

மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். டெஸ்க்டாப்பில் அவன் சிரிக்கிற படம். மாமியார் அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து நாளெல்லாம் திரையையே பார்ப்பாள்.

"நீ வேலை செய்யறப்பவும் அவன் தெரியணும்மா. அவ்வளவுதான் கேக்கறேன்."

அதனால்தான் கண்ணாடி விண்டோ. அவன் கண்கள் சரியாக அவள் அடிக்கிற வரிகளுக்குப் பின்னால் வந்து விழும். ஒருநாள் டாக்டர் இடது முழங்கால் என்று சொன்னதை வலது என்று அடித்து அனுப்பிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இல்லை என்றார்கள். அன்றைக்குத்தான் அவள் குமிழைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

4.

இதுவரை எழுதியதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

"ஃபோட்டோவை பெருசா பிரிண்ட் போட்டு சுவத்துல மாட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"மாமியார் விடமாட்டா. 'சுவத்துல மாட்ட எம்புள்ள என்ன செத்தா போயிட்டான்'னு கேப்பா."

"சரி. காலைல கம்ப்யூட்டரைப் போட்டதும் படம் பளிச்சுன்னு வருமே? மாமியார் பாக்கமாட்டாளா?"

பிடித்துவிட்டாள். கதையில் யானை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஒட்டுப் போட்டுச் சொன்னேன். "மாமியார் குளிக்கப் போற நேரம் பாத்துத்தான் மருமக கம்ப்யூட்டரைப் போடுவா. அவ வர்றதுக்குள்ள விண்டோவைத் திரை முழுக்க விரிச்சிடுவா. வேலை முடிஞ்சதும் ஸ்கிரீனையே அணைச்சிடுவா."

"அப்போ தெரிஞ்சேதான் மறைக்கறா."

நான் அதுவரை அப்படி யோசிக்கவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்த ஒருத்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது, மருமகளுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய்விட்டாள். அதை யாரிடம் சொல்வாள்?

"பாவம்ங்க அவ," என்றாள் மனைவி. என்னைத் திட்டுகிற குரலில்.

5.

இங்கே கதை என் கையை விட்டுப் போகிறது.

மாமியார் ஒருநாள் தானாகவே கண் டாக்டரிடம் போய்வந்தாள். மருமகளிடம் சொல்லவில்லை. மேசையில் சொட்டு மருந்துக் குப்பியைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"கண்ணுக்கு என்ன அத்தை?"

"டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார். நான் விடலைன்னுதான் இந்த மருந்தைக் குடுத்தார். வயசுக்கு நல்லாவே இருக்காம். அவருக்கு என்ன தெரியும்? எனக்கு எல்லாம் தெரியுதும்மா. கதவு தெரியுது, காலண்டர் தேதி தெரியுது, நீ அடிக்கிற எழுத்துகூடத் தெரியுது. அவன் மட்டும்தான் மங்கிக்கிட்டே போறான்."

மாமியார் கட்டிலில் மல்லாந்து படுத்து, இமையை விரலால் பிரித்து, மருந்தைத் தானே விட்டுக்கொண்டாள். பாதி கன்னத்தில் வழிந்தது. எழுந்து துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். தினமும் இதே.

(இந்த இடத்தை அடித்துவிட்டு மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அந்தக் கிழவி மருந்தைக் கீழே வைக்கவில்லை. சே, என்ன பிழைப்பு இது! இப்படி ஒருத்தியை உண்டாக்கி உட்கார வைத்திருக்கிறேன்.)

அந்தச் சமயத்திலேயே மருமகள் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். "உங்க கண்ணு இல்ல அத்தை, நான்தான் —"

சொல்லவில்லை. நானும் சொல்ல வைக்கவில்லை.

6.

சொட்டு மருந்து தீர்ந்தது. மாமியார் இன்னொன்று வாங்கவில்லை.

"போதும்மா," என்றாள். "என் கண்ணுல கோளாறு இல்ல. அவன்தான் போயிட்டான். அதான் கொஞ்சம் கொஞ்சமா மறையறான், எனக்குப் பழகட்டும்னு. அம்மா மேல அவ்வளவு கரிசனம் அவனுக்கு. நீ அந்தப் படத்தை இப்பவே எடுத்துடு."

இத்தனை நாள் மருமகள் கேட்க நினைத்துக் கேட்காத வார்த்தை இதுதான். கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிக் கிடைத்தது என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். (எனக்கும். இப்போது உங்களுக்கும்.)

படத்தை மாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, விண்டோவை இறக்குவது. இறக்கினால் அவன் பளிச்சென்று சிரிப்பான்.

7.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) மருமகள் மாமியாரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, படத்தை மாற்றிவிடுகிறாள். மாமியார் அன்று வாய்விட்டு அழுது, பல நாள் கழித்து நன்றாகத் தூங்குகிறாள். ஒரு குமிழை நம்பி அழுதது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

ஆ) விண்டோ இறங்குகிறது. முகம் தெளிகிறது. "வந்துட்டான்! பாத்தியா, உசுரோட இருக்கான்!" என்று மாமியார் கையைத் தட்டுகிறாள். மறுபடி காத்திருப்பு, சாகிறவரை. மருமகளுக்கும்தான்.

இ) உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அப்புறம் அந்த வீட்டில் அந்த இரண்டு பேர்தான். வேறு போக்கிடம் இருவருக்கும் இல்லை. இதற்குமேல் எழுத வரவில்லை.

மனைவி மூன்றையும் படித்தாள். "எதுவும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, என் திரையில் விண்டோவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது யார் படம் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.

8.

இனி எனக்கு இதில் வேலை இல்லை. மருமகளின் கை மௌஸின் மேல் இருக்கிறது. இன்னும் எதையும் அழுத்தவில்லை. திரையில் நேற்றைய முழங்கால் அறிக்கை, அதன் பின்னால் வெறும் சாம்பல் நிறம். குமிழ் கோட்டின் வலது ஓரத்தில், இதற்குமேல் இழுக்க இடமில்லாமல் நிற்கிறது.

பின்னால் கட்டிலிலிருந்து மாமியார் எட்டிப் பார்க்கிறாள்.

"எடுத்துட்டியாம்மா? எனக்கு வித்தியாசமே தெரியலையே."

பதில் சொல்லுங்கள். அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.