தாழ்ப்பாள் இல்லாத கதவு

எங்கள் புகைப்படத் துறையில் எந்தச் சட்டத்தை மீறினாலும் மன்னிப்பு உண்டு, ஒன்றைத் தவிர. இருட்டறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது. துளி வெளிச்சம் பட்டாலும் உள்ளே கழுவுகிற படமெல்லாம் கருத்துப் பாழாகிவிடும். தீப்பிடித்தாலும் விளக்கு அணைகிற வரை காத்திருந்துதான் ஓட வேண்டும் என்று நாங்களே கிண்டலடிப்போம்.

அந்தச் சட்டம் யாருக்கு வசதி என்பது போன வருஷம்தான் எனக்கு உறைத்தது. உள்ளே நானும் எங்கள் துறை வாத்தியாரும். வெளியே என் தோழிகள் சிரித்துப் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். கத்த நினைத்தேன், விளக்கு எரிகிறபோது யார் திறப்பார்கள்? அன்றைக்குத் தோல் எரிகிற வரை தேய்த்துக் குளித்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? மாணவிகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரே அந்த மகானுபாவர்தான்.

இந்த வாரம் மாணவிகள் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரமாம். சுவரொட்டிக்குப் படம் கழுவக் கற்றுத்தருகிறேன் என்று ஒரு முதலாம் ஆண்டுப் பெண்ணை அவர் கூப்பிட்டிருந்தார். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாய் மூடவே மூடாது. சாரே சொல்லித்தரப்போகிறார் என்று என்னிடம் குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"நீ போய் ஹால்ல நாற்காலி எடுத்துப் போடும்மா," என்றார் சிரித்தபடி.

கதவு மூடியது, சிவப்பு விளக்கு எரிந்தது. என் இறுதி ஆண்டு மதிப்பெண் அவர் கையில். உள்ளே ஒன்றுமே நடக்காமல் நான் போய்த் திறந்துவிட்டால்? பொறாமை பிடித்தவள், படத்தைக் கெடுத்தவள் என்று துறையே காறித் துப்பும். ஹாலுக்குப் போகவில்லை. கதவில் காதை வைத்தேன்.

சத்தமே இல்லை. தூக்கத்தில்கூடப் பேசுகிற பெண், ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரொட்டிக் கட்டோடு வந்த என் வகுப்புத் தோழி நெட்டை, நான் பிடியில் கை வைத்ததைப் பார்த்துப் பதறினாள்.

"லைட் எரியுதுடி. கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

தள்ளினேன். உடனே திறந்துகொண்டது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. இத்தனை வருஷமும் நாங்கள்தான் தாழ்ப்பாளாக இருந்திருக்கிறோம்.

ரேடியோ மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். கிழிந்த தோள்பட்டையை ஒரு கையால் பொத்தியிருந்தாள். அவர் விலகி நின்று, படமெல்லாம் போச்சு, எந்த முட்டாள் திறந்தது என்று கத்தினார். நெட்டை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மேஜையில் படம் கழுவும் மருந்து ஊற்றுகிற தட்டுகள் வரிசையாக இருந்தன.

"தட்டெல்லாம் காஞ்சு கெடக்கே சார்," என்றாள் மெதுவாக. "எந்தப் படம் போச்சு?"

கதவை மூடு என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். பழகிய கை, தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று.

"மூடாதீங்கக்கா," என்றாள் ரேடியோ.

பயம் கொஞ்சமும் போகவில்லை. கதவை இன்னும் அகலமாகத் திறந்து, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.