அடுத்த சீரிஸ் வரட்டும்

என் வீட்டுக்காரர் பெயர் உத்தமன். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், ஒரு பொருளை வாங்கவும் மாட்டார். வாங்குவதற்கு முன்னால் ஒப்பிடுவார். ஒப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் பொருள் கடையில் பழசாகிவிடும். அப்புறம் அதற்கடுத்து வந்த புதுசோடு ஒப்பிடுவார். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில், அடுத்தவர் எழுதிய மென்பொருளைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு. அந்த வேலைக்கு அவரைப்போல் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். வீட்டுக்குத்தான் சரிப்பட்டு வரவில்லை.

பாரிவாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கல்யாணமான வருடம் வாங்கியது. அதற்குள் படங்களைத் தயாரிக்கிற பாகமான கிராபிக்ஸ் கார்டு பத்து சீரிஸ். அதன் பிறகு இருபது வந்தது, முப்பது வந்தது, நாற்பதும் வந்து போனது. நடுவில் எங்கள் ரோஷினி பிறந்து, நடந்து, பேசி, ஒன்றாம் வகுப்புக்கே போய்விட்டாள். கார்டு மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

எனக்கு எதற்கு கார்டு என்று கேட்பீர்கள். வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே அதன் உட்புறம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். சோபா இங்கே, சமையல் மேடை அங்கே, காலை வெயில் ஜன்னல் வழியாக இப்படி விழும் என்று போட்டோ எடுத்தது மாதிரியே காட்ட வேண்டும். ரோஷினி பிறந்தபோது விட்ட வேலையை ஆறு வருடம் கழித்து இந்தப் பொங்கலுக்குத்தான் மறுபடி தொட்டேன். பழைய கார்டில் ஒரு படம் முடிய மூன்று மணி நேரம் ஆகும். கொஞ்சம் பெரிய படமென்றால் மெமரி போதவில்லை என்று பாதியில் மூடிக்கொள்ளும்.

"ஐம்பது சீரிஸ் வரப்போகுது. இப்பப் போய் நாப்பது வாங்கறவன் முட்டாள்" என்றார் பொங்கலன்று. எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஐம்பது வந்தது. "வந்த உடனே வாங்கறவன் அதைவிட முட்டாள். விலை இறங்கட்டும்" என்றார். ஆடியில் விலை இறங்கியது. அதற்குள் அவர் வேறொரு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார்.

"இங்க பாரு நிவி, ஐம்பதுல நம்ம பட்ஜெட்டுக்கு எட்டு ஜிபிதான் வருது. ரெண்டு தலைமுறைக்கு முந்தின முப்பதுல பன்னண்டு ஜிபி இருக்கு. புதுசுல வேகம் ஜாஸ்தி, மெமரி கம்மி. பழசுல மெமரி ஜாஸ்தி, வேகம் கம்மி. நிதானமா யோசிக்கணும்."

"யோசிச்சு?"

"அடுத்த ஜனவரில ஐம்பதுலயே மெமரியக் கூட்டி விடுவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு."

இதற்கென்று ஒரு எக்செல் ஷீட் வைத்திருந்தார். குறுக்கே மட்டும் நாற்பது கட்டம் இருக்கும். ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகிறாரோ இல்லையோ, அதைத் திறந்துவிடுவார். நான் அதை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. பார்த்தாலே கண்ணைக் கட்டும்.

ஐப்பசியில் தங்கராஜ் வந்தார். வெள்ளானூரில் வரிசையாக வீடு கட்டி விற்கிறவர். மூன்று மாதிரி வீடு, வீட்டுக்கு மூன்று படம், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். "புடிச்சிருந்தா இனிமே நான் கட்ற எல்லா ஊட்டுக்கும் நீதாம்மா. லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துகினு போய்டுவேன், கோச்சுக்காத" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆறு வருடத்தில் என்னை நம்பி ஒருவர் வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமைக்குள் முதல் வீட்டை எப்படியோ முடித்தேன். இரண்டாவது வீட்டில் ஹாலும் சமையலறையும் ஒரே இடம், பெரிய படம். நாலு தடவை ஓட்டினேன். நாலு தடவையும் பாதியில் மூடிக்கொண்டது. அவரிடம் சொன்னேன்.

"படத்தச் சின்னதாப் போடேன்" என்றார், ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அவர் வீடு விக்கறார்ங்க, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கல."

"இந்த வாரக் கடைசில முடிவு பண்ணிடலாம் நிவி. அவசரத்துல எடுக்கற முடிவு எப்பவும் தப்பாத்தான் போகும்."

மறுநாள் காலை அவர் ஆபீஸ் கிளம்பினதும், ரோஷினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைக் கழற்றிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். நசரத்பேட்டையில் அருள்மொழி அண்ணன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, இத்த வெச்சிகினா இவ்ளோ நாளா ஓட்டிகினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். ஐம்பதா, நாற்பதா என்று கேட்டேன்.

"ரெண்டும் வோணாம். முப்பது ஒண்ணு கீது, பன்னண்டு ஜிபி. ஒரு பையன் கேம் ஆடிகினு இருந்தான், புதுசு வாங்கிகினு இத்த இங்க வுட்டுட்டுப் போய்ட்டான். உன் படம் பெருசு, மொதல்ல அது உக்கார எடம் வோணும். வேகம்லாம் அப்பாலதான். உன் பவர் சப்ளை தாங்கும், நான் பாத்துட்டேன்."

பத்து மாதத்து ஆராய்ச்சி ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. என் பழைய பி.எஃப். பணம் பேங்கில் கிடந்தது, அதிலிருந்து கொடுத்தேன். கார்டை மாட்டி ஓட விட்டார். சிவப்பும் பச்சையுமாகப் பெட்டிக்குள் ஒரே விளக்கு.

"இந்த லைட் எரியக் கூடாதுண்ணா."

"பசங்க அதுக்குத்தாம்மா வாங்கறதே."

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒப்பிட்டுப் பாத்துத் திருப்பிக் குடுக்கச் சொல்வார்."

அருள்மொழி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொடவைய வாங்கி பீரோல ஒளிக்கிறத கேட்டுக்கீறேன். இத்த இப்பத்தான் பாக்கறேன்" என்று விளக்கை அணைத்துக் கொடுத்தார்.

பாதியில் மூடிக்கொண்ட படம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வியாழக்கிழமை மதியத்துக்குள் ஒன்பது படமும் தயார். படங்களை அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமை வெள்ளானூருக்கே போனேன். தங்கராஜ் அதை எதில் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்? சிமென்ட் தூசி படிந்த, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போனில், உச்சி வெயிலில் நின்றுகொண்டு. விரலால் பெரிதாக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாமி ரூம் கெழக்க பாத்துகினு கீதா?" இருக்கிறது என்றேன். "நெசமா கட்னா மாரியே கீதும்மா. அடுத்த மூணு ஊட்டு பிளானும் அனுப்பறேன், நீயே போட்டுடு."

வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, லேப்டாப்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நிவி, முடிவு பண்ணிட்டேன். கார்டே வேண்டாம்."

"ஏன்?"

"பழைய கார்டுலயே ஒன்பது படத்தையும் முடிச்சுட்டியே. அப்பத் தேவையே இல்லன்னுதானே அர்த்தம். அவசரப்பட்டு வாங்கியிருந்தா தண்டம். பொறுமையா இருந்ததுக்குப் பலன் பாத்தியா?"

ஊரார் செய்ததில் எல்லாம் தப்பு கண்டுபிடிக்கிறவர், சொந்த வீட்டில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "பாரு, தேவையில்லன்னு ஷீட்லயே போட்டு விஷயத்த குளோஸ் பண்ணிட்டேன்" என்றார்.

முதல் முறையாக அந்த ஷீட்டைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் வீட்டில் யார் யாருக்குக் கம்ப்யூட்டர் எதற்குத் தேவை என்று ஒரு பட்டியல், ஆங்கிலத்தில். ஆபீஸில் தப்புகளுக்கு நம்பர் போடுகிற மாதிரியே போட்டிருந்தார், ஒன்று என்றால் முதலில் கவனிக்க வேண்டியது. அவருடைய கோப்புகள், முக்கியம் ஒன்று. சினிமா, கிரிக்கெட், முக்கியம் இரண்டு. ரோஷினி பாடம், முக்கியம் இரண்டு. கடைசி வரியில் நான் இருந்தேன். நிவி, படம் வரைதல், பொழுதுபோக்கு, முக்கியம் நான்கு. பக்கத்தில் குறிப்பு: மூன்று மாதத்தில் ஆர்வம் போய்விடும், அதுவரை தள்ளிப்போடலாம். தேதி, பொங்கலுக்கு மறுநாள்.

பத்து மாதமாக இந்த மனிதரால் ஒரு முடிவெடுக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே எடுத்திருக்கிறார்.

நான் எதைப் படிக்கிறேன் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. "அது... அப்ப சும்மா எழுதி வெச்சது நிவி" என்று லேப்டாப்பை மூடப் போனார். நான் கையை வைத்துத் தடுத்தேன்.

"புதன்கிழமையே கார்டு வாங்கிட்டேங்க. என் காசுல. அதுலதான் ஒன்பது படமும் முடிச்சேன். உள்ளதான் இருக்கு, போய்ப் பாருங்க."

எழுந்து போனார். கம்ப்யூட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை, மன்னிப்பாகக்கூட வேண்டாம், ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எந்த சீரிஸ்?" என்றார்.

ஷீட்டைப் படித்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நகருங்க, எனக்கு வேலை இருக்கு" என்றேன்.