சுண்ணாம்புச் சர்க்கரை

1994, தை மாதம். கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கும் மாறன், பிணம் கெடாமலிருக்க ஊற்றும் பார்மலினோடு சுண்ணாம்பைக் கலந்து காய்ச்சிச் சர்க்கரைப் பாகு உண்டாக்கிவிட்டார். கரும்பும் இல்லை, வயலும் இல்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே சொந்த ஊரான அடி அண்ணாமலைக்குப் போய் அண்ணன் அப்பாசாமியிடம் அளந்துவிட்டார்.

"இன்னும் பத்து வருஷத்துல அரிசி, சக்கரை எல்லாம் பேக்டரியிலயே பண்ணிடுவாங்கண்ணா. அப்புறம் ஏர் எதுக்கு, கெணறு எதுக்கு?"

அப்பாசாமி பள்ளிக்கூடம் போகாதவர். தம்பி சொன்னால் அவருக்கு அப்பீலே கிடையாது.

அந்த வாரம்தான் அவர் மகள் சிந்துஜாவைப் பெண் கேட்டு ராஜேந்திரன் வீட்டார் வந்தார்கள். பையனுக்கு நான்கு ஏக்கர் நஞ்சை, பம்புசெட்டோடு. மாறன் வகுப்பிலேயே பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த சிந்துஜாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது.

"பயிர் வெக்கிறவருக்கு வாணாங்க" என்றார் அப்பாசாமி. "அந்தத் தொழிலே இல்லாம போவப் போவுது. என் தம்பி காலேஜ்ல செஞ்சே பாத்துட்டான். நீயே சொல்லுப்பா" என்று பக்கத்திலிருந்த மாறன் பக்கம் திரும்பினார்.

அந்தப் பாகில் பாதி என்னவென்றே தெரியாத கசடு. மீதியிலும் பார்மலின் கலந்திருந்தது. ஒரு டம்ளர் காபிக்குக்கூட ஆகாது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் நாலு பேர் முன்னால் அண்ணன் அவ்வளவு பெருமையாகப் பார்க்கும்போது மாறன் உண்மையை மென்று விழுங்கினார். "ஆமாண்ணா" என்றார். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது?

வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். சிந்துஜாவை ஓசூரில் கம்பெனி வேலை பார்த்த ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். தினமும் குடி, அடி, உதை. எட்டாவது வருஷம் ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தவள், வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் மாறன் அங்கே போனார். மனசில் அரித்துக்கொண்டிருந்ததை நின்றபடியே கொட்டினார்.

"அன்னிக்கு நான் ஆமான்னது பொய்ம்மா. அது வாயில வெக்கவே முடியாத சரக்கு. தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

"எனக்கு அன்னிக்கே தெரியும், சித்தப்பா" என்றாள் சிந்துஜா, காகிதங்களை அடுக்கிக்கொண்டே. "உங்க கிளாஸ்லதான படிச்சேன்."

"அப்ப நீ ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா, அவரைக் கட்டிக்கறதுக்காகப் பொய் சொல்றேன்னு அப்பா நெனைச்சிருப்பாரு. நீங்க சொல்லிடுவீங்கன்னு உங்க மொகத்தையே பாத்துக்கினு நின்னேன்."

அவள் எங்கே நின்றாள் என்பதுகூட மாறனுக்கு ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அவர் அண்ணனை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.